போட்மாஸில் எழுத்து ஆறு, படி நாலுதான்

கேள்வி இது: ஆறாம் வகுப்புப் பையன் 8 − 3 + 2 என்ற கணக்குக்கு 3 என்று எழுதியிருக்கிறான், போட்மாஸில் கூட்டல்தானே முன்னால் வருகிறது என்பது அவன் வாதம். டீச்சர் தப்பு போட்டு 7 என்று எழுதி அனுப்பியிருக்கிறார். போதாக்குறைக்கு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 8 ÷ 2(2 + 2) எவ்வளவு என்று யாரோ போட, மச்சினர் 1 என்கிறார், கேள்வி கேட்டவர் 16 என்கிறார். யார் சரி, பையனுக்கு எப்படிப் புரியவைப்பது?

டீச்சர் சொன்னதுதான் சரி, 7. ஆனால் பையனைத் திட்டாதீர்கள், அவன் கவனக்குறைவாக எதுவும் செய்யவில்லை, சொல்லிக்கொடுத்த எழுத்துகளை வரிசை மாறாமல் பின்பற்றியிருக்கிறான், அவ்வளவுதான். நான் பெரம்பூரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஜூன் மாதம் புதிதாக வந்து சேரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் "மிஸ், ஏ முதல்ல, எஸ் அப்புறம்தானே?" என்று கேட்காமல் இருப்பதில்லை. கேட்கிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. கேட்காமல் மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள்தான் மேல் வகுப்புகளில் இயற்கணிதம் வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

போட்மாஸ் என்பது பிராக்கெட், ஆர்டர், அதாவது அடுக்கு (சில புத்தகங்களில் ஆஃப்), டிவிஷன், மல்டிப்ளிகேஷன், அடிஷன், சப்ட்ராக்ஷன். எழுத்து ஆறு இருப்பதால் படியும் ஆறு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் நாலுதான்: அடைப்புக்குறி, அடுக்கு, பெருக்கலும் வகுத்தலும் சேர்ந்து ஒரு படி, கூட்டலும் கழித்தலும் சேர்ந்து ஒரு படி. ஒரே படியில் இருக்கும் இரண்டில் பெரியது சின்னது கிடையாது, இடமிருந்து வலம் போகும்போது எது முதலில் வருகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும். கையில் 8 ரூபாய் இருந்தது, 3 செலவாச்சு, அப்புறம் 2 கிடைத்தது என்றால் மிச்சம் 7. கிடைத்த 2 ரூபாயைச் செலவோடு கூட்டி 5 செலவு என்று யாரும் எழுத மாட்டோம், உங்கள் பையன் செய்தது அதைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. போட்மாஸை எழுத்துக்கு எழுத்து அப்படியே பின்பற்றி எல்லா வகுத்தலையும் முடித்துவிட்டுப் பெருக்கலுக்குப் போனாலும் விடை கெடாது. 12 ÷ 3 × 2 என்றால் 4 × 2, அதாவது 8. 12 × 6 ÷ 3 என்பதில் 6 ÷ 3-ஐ முதலில் செய்தாலும் 24, இடமிருந்து வலம் போனாலும் 24. அதனால் டி முன்னால், எம் பின்னால் என்ற வரிசை தற்செயலாகப் பாதுகாப்பானது. கடைசி இரண்டு எழுத்துதான் வில்லங்கம். ஏ முன்னால் எஸ் பின்னால் என்று போனால் கழித்தலுக்குப் பின்னால் வரும் கூட்டல் எல்லாம் கழிபட்டுவிடும். எஸ் முன்னால் ஏ பின்னால் என்று மாற்றி வைத்திருந்தால், வாயில் நுழையாத வார்த்தையாகியிருக்கும், ஆனால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அமெரிக்கப் பிள்ளைகள் பாவம், அவர்கள் படிக்கும் பெம்டாஸில் பெருக்கல் வகுத்தலுக்கு முன்னால் நிற்கிறது, கூட்டல் கழித்தலுக்கு முன்னால் நிற்கிறது, இரண்டு இடத்திலும் குழி. அங்கே 12 ÷ 3 × 2 என்று கொடுத்தால் 3 × 2 = 6, 12 ÷ 6 = 2 என்று எழுதுகிற பிள்ளைகள் இருக்கத்தான் செய்வார்கள்.

சரி, பெருக்கல் ஏன் கூட்டலுக்கு முன்னால் வர வேண்டும்? "விதி அப்படி" என்று சொல்லி நிறுத்திவிட்டால் பிள்ளை பரீட்சை வரை ஞாபகம் வைத்திருப்பான், அப்புறம் மறந்துவிடுவான். மளிகைக் கடைக்கு அனுப்புங்கள். 48 ரூபாய் சோப்பு மூன்று, 115 ரூபாய் எண்ணெய் பாக்கெட் இரண்டு, பழைய காலி பாட்டில் நாலு திருப்பிக் கொடுத்ததற்கு பாட்டிலுக்கு 5 ரூபாய் கழிவு. எழுதினால் 3 × 48 + 2 × 115 − 4 × 5. சோப்புக்கு 144, எண்ணெய்க்கு 230, கழிவு 20, மொத்தம் 354. இதையே இடமிருந்து வலம் கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பாருங்கள்: 144-உடன் 2-ஐக் கூட்டினால் 146, அதை 115-ஆல் பெருக்கினால் 16,790, அதில் 4 போனால் 16,786, அதை 5-ஆல் பெருக்கினால் 83,930. மூன்று சோப்புக்கும் இரண்டு எண்ணெய்க்கும். இது ஏன் அபத்தம் என்றால், 144 என்பது ரூபாய், அதோடு கூட்டிய 2 என்பது பாக்கெட் எண்ணிக்கை, ரூபாயையும் பாக்கெட்டையும் கூட்டினால் வருவதற்குப் பெயரே கிடையாது. பெருக்கல் முடிந்த பிறகுதான் எல்லாம் ரூபாய் ஆகிறது, ரூபாய் ஆன பிறகுதான் கூட்ட முடியும். வாழ்க்கையில் வருகிற கணக்கில் பாதி இந்த அச்சில்தான் வரும், அதனால்தான் அடைப்புக்குறி போடாமலே இப்படிப் படிக்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள்.

பாரிமுனைப் பக்கம் மொத்த வியாபாரக் கடைகளில் பில் போடுகிறவர் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த மேஜைக் கால்குலேட்டருக்கு போட்மாஸ் தெரியாது. 2 + 3 × 4 என்று தட்டினால் 20 என்றுதான் காட்டும், ஏனென்றால் அடுத்த குறியைத் தட்டியவுடனே அதுவரை வந்ததைக் கணக்குப் பண்ணி முடித்துவிடும். அது அவருக்குத் தெரியும். அதனால் 3 × 48 தட்டி எம் பிளஸ், 2 × 115 தட்டி எம் பிளஸ், 4 × 5 தட்டி எம் மைனஸ், கடைசியில் எம்ஆர், திரையில் 354. ஒவ்வொரு பெருக்கலையும் தனியாக முடித்து நினைவில் போட்டுவைத்து, கூட்டல் கழித்தலைக் கடைசிக்குத் தள்ளுகிறார். விதியின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, விரலுக்குத் தெரிகிறது. வீட்டில் பழைய கால்குலேட்டர் கிடந்தால் பையனிடம் கொடுத்து 2 + 3 × 4 தட்டச் சொல்லுங்கள், அப்புறம் உங்கள் போனில் அதையே தட்டச் சொல்லுங்கள். ஒன்றில் 20, இன்னொன்றில் 14. ஏன் என்று அவனே கேட்பான், அன்றைக்குப் பாடம் பாதி முடிந்துவிட்டது.

நம் பழைய தமிழ் எண்களைப் பார்த்தாலும் இதே ஏற்பாடுதான். 345-ஐ ௩௱௪௰௫ என்று எழுதினார்கள்: மூன்று, நூறு, நாலு, பத்து, ஐந்து. நடுவில் கூட்டல் குறியும் இல்லை பெருக்கல் குறியும் இல்லை, ஆனாலும் படிக்கிறவருக்கு மூன்று நூறைப் பெருக்கி, நாலு பத்தைப் பெருக்கி, அப்புறம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. வரிசையாகவே போயிருந்தால் 300, 304, 3040, 3045 என்று எங்கேயோ போயிருக்கும்.

அடைப்புக்குறிக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஆட்டோ மீட்டர். சிரிக்காதீர்கள். 2013-இல் சென்னைக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. நீங்கள் 6.8 கிலோமீட்டர் போனால் 25 + 12 × (6.8 − 1.8). அடைப்புக்குறிக்குள் 5, பெருக்கினால் 60, கூட்டினால் 85 ரூபாய். அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் 25 + 81.6 − 1.8, அதாவது 104 ரூபாய் 80 காசு. பெருக்கலுக்கு முன்னால் கூட்டலைச் செய்து 37 × 5 என்று போட்டால் 185. அடைப்புக்குறியையும் மறந்து, இடமிருந்து வலமாகவே போனால் 249 ரூபாய் 80 காசு, மழை நாளில் சென்ட்ரல் வாசலில் கேட்கும் தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். எண்கள் அதேதான், குறிகளும் அதேதான், வரிசை மட்டும் மாறி நாலு விடை. வழக்கமான வரிசை போதாத இடத்தில்தான் அடைப்புக்குறி வருகிறது என்பது பிள்ளைக்கு இதில் நன்றாகப் பிடிபடும், ஏனென்றால் முதல் 1.8 கிலோமீட்டரைக் கழித்த பிறகுதான் 12 ரூபாய் ஓட ஆரம்பிக்கிறது.

இனி சொல்லிக்கொடுக்கும் முறை. நான் பிள்ளைகளிடம் போட்மாஸை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, பென்சிலை எடுக்கச் சொல்வேன். அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு கூட்டல் கழித்தல் குறிக்கும் முன்னால் ஒரு செங்குத்துக் கோடு போடு. இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பது ஒரு துண்டு, அதாவது பாடப்புத்தகம் உறுப்பு என்று சொல்வது. முன்னால் நிற்கும் குறி அந்தத் துண்டுக்குச் சொந்தம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக முடி. கடைசியில் துண்டுகளைக் குறியோடு சேர்.

20 − 12 ÷ 3 × 2 + 5 × (7 − 4)² என்று ஒரு கணக்கு. மூன்று துண்டு: 20, அப்புறம் − 12 ÷ 3 × 2, அப்புறம் + 5 × (7 − 4)². நடுத் துண்டில் 12 ÷ 3 = 4, இரண்டால் பெருக்கினால் 8, குறி மைனஸ், ஆக −8. மூன்றாவதில் அடைப்புக்குறிக்குள் 3, அதன் வர்க்கம் 9, ஐந்தால் பெருக்கினால் 45. 20 − 8 + 45 = 57. இதில் 5 × 3 = 15 என்று முதலில் பெருக்கிவிட்டு அப்புறம் வர்க்கம் எடுத்து 225 போடும் பிள்ளைகள் உண்டு. அடுக்கு தனக்கு இடது பக்கம் ஒட்டி நிற்பதை மட்டும்தான் தொடும், 5-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் போதும்.

துண்டு போடும் முறையில் எனக்குப் பிடித்தது, கூட்டல் முதலா கழித்தல் முதலா என்ற கேள்வியே எழாது என்பது. 8 − 3 + 2-இல் துண்டுகள் 8, −3, +2. எந்த வரிசையில் வேண்டுமானாலும் கூட்டிக்கொள், கூட்டலைக்கூட முதலில் செய்துகொள், 8 + 2 = 10, அப்புறம் −3, ஏழுதான். கூட்டலை முதலில் செய்தது உங்கள் பையனின் தவறு இல்லை. 3-க்கு முன்னால் இருந்த மைனஸை 2-க்கும் சேர்த்துக் கொடுத்ததுதான் தவறு. இதை அவனிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். அடுத்தடுத்த வகுப்புகளில் குறை எண்கள் வரும்போதும், 3x² − 2x + 5 வரும்போதும் இதே கத்திதான், புதிதாக எதுவும் படிக்க வேண்டாம்.

அடைப்புக்குறி போலத் தெரியாத அடைப்புக்குறிகளும் உண்டு, பெரியவர்களே இதில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். பின்னத்தின் நடுக் கோடு ஓர் அடைப்புக்குறி, வர்க்கமூலக் குறியின் மேல்கோடும் அப்படியே. நோட்டில் 78 + 84 + 90 என்று எழுதி அடியில் நீளமாகக் கோடு போட்டு 3 எழுதினால் சராசரி 84. அதையே போனில் 78 + 84 + 90 ÷ 3 என்று தட்டினால் 192 வரும், மூன்று பாடத்தில் சராசரி 192 மார்க். கோடு காணாமல் போனால் அது செய்த வேலைக்கு அடைப்புக்குறி போட்டாக வேண்டும். வர்க்கமூலத்தில் கோடு 9 + 16 முழுவதையும் மூடியிருந்தால் விடை 5, ஒன்பதோடு நின்றுவிட்டால் 3 + 16, அதாவது 19.

இப்போது வாட்ஸ்அப் சண்டை. இந்த 8 ÷ 2(2 + 2) 2019-இல் உலகம் முழுக்கச் சுற்றியது, அதற்கு முன்னால் 2011 வாக்கில் 6 ÷ 2(1 + 2) என்று இதன் அண்ணன் சுற்றியது. பள்ளி விதிப்படி நீங்கள் சொன்ன 16 சரி: அடைப்புக்குறிக்குள் 4, அப்புறம் 8 ÷ 2 × 4, இடமிருந்து வலம், 16. ஆனால் மச்சினரையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. குறி போடாமல் ஒட்டி எழுதிய பெருக்கல், அதாவது 2(4) மாதிரி, சாதாரணப் பெருக்கலைவிட இறுக்கமானது என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்மையிலேயே உண்டு. இயற்கணிதத்தில் 1/2x என்று யாராவது எழுதினால் பலர் அதை 1/(2x) என்றுதான் படிப்பார்கள், பாதி x என்று இல்லை. மச்சினர் இன்ஜினியரிங் படித்தவராக இருந்தால் அவர் கையில் இருந்தது பெரும்பாலும் கேசியோ கால்குலேட்டராக இருக்கும், அதன் எஃப்எக்ஸ் 991 வரிசையில் வந்த கிளாஸ்விஸ் மாடலில் 6 ÷ 2(1 + 2) தட்டினால் அதுவே 6 ÷ (2(1 + 2)) என்று அடைப்புக்குறி போட்டு 1 என்று காட்டும். கூகுளில் தட்டினால் (8 ÷ 2) × (2 + 2) என்று எடுத்துக்கொண்டு 16 என்று காட்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் 8/2(2+2) என்று எழுதினால் விடையே தராது, பிழை என்று சொல்லிவிடும், இந்தச் சண்டையில் புத்திசாலி அதுதான்.

ஆக விடையில் சிக்கல் இல்லை, எழுதிய விதத்தில்தான். ÷ என்ற குறி 1659-இல் யோஹான் ரான் என்ற சுவிஸ்காரரின் இயற்கணித நூலில் வகுத்தலுக்காக அச்சில் வந்தது. ஒரே வரியில் ÷, × இரண்டும் வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை என்று கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய கஜோரி 1928-இல் பதிந்திருக்கிறார். கணக்கை வேலையாகச் செய்கிறவர்கள் அந்தக் குறியையே தொடுவதில்லை, பின்னமாகக் கோடு போட்டு எழுதிவிடுவார்கள், கோடு போட்டால் எது மேலே எது கீழே என்பதில் சந்தேகமே இராது. பையனின் பரீட்சையில் இப்படி ஒட்டி எழுதிய கணக்கு வந்தால் பள்ளி விதிப்படி இடமிருந்து வலம் போகச் சொல்லுங்கள். குடும்பக் குழுவில் வந்தால் "அடைப்புக்குறி போட்டு அனுப்புங்க" என்று பதில் போட்டுவிட்டு போனைக் கீழே வையுங்கள்.

எக்செலில் வேலை செய்கிறவர்களுக்காக ஒன்று, ஓஎம்ஆர் ரோட்டு ஐடி கம்பெனிகள் பக்கம் இது நிறையப் பேரைக் கடித்திருக்கும். கணிதத்தில் −3² என்றால் −9, அடுக்கு முதலில், மைனஸ் அப்புறம். எக்செலில் =-3^2 என்று அடித்தால் 9 வரும், அங்கே எண்ணுக்கு முன்னால் ஒட்டி நிற்கும் மைனஸ் அடுக்கைவிட மூத்தது. ஆனால் =5-3^2 என்றால் −4, சரியாகவே வரும், ஏனென்றால் அங்கே அது கழித்தல் குறி. பைத்தானில் -3**2 என்றால் −9. அடுக்குக்கு மேல் அடுக்கிலும் இதே கூத்து, 2^3^2 எக்செலில் 64, பைத்தானில் 2**3**2 என்றால் 512. கணிதத்தில் மேலிருந்து கீழே வருவதுதான் வழக்கம், அதனால் 512. ஃபார்முலாவில் சந்தேகம் வந்தால் அடைப்புக்குறி போடுங்கள், காசா பணமா.

டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு என்று யாராவது வீட்டில் படித்துக்கொண்டிருந்தால், சுருக்குதல் கணக்குகளில் "இன்" வருவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். 24 ÷ 6 இன் ½ என்று வந்தால் ஆறில் பாதி 3, அதை முதலில் முடித்துவிட்டு 24 ÷ 3 = 8. அந்த வழக்கப்படி "இன்" வகுத்தலுக்கு முன்னால். அதையே 24 ÷ 6 × ½ என்று எழுதியிருந்தால் 2. ஆறாம் வகுப்புப் பையனுக்கு இது இப்போது வேண்டாம்.

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்று கொடுங்கள். 2 + 3 × 4 − 1 என்று எழுதி, எண்ணையும் குறியையும் மாற்றாமல் அடைப்புக்குறி மட்டும் போட்டு எத்தனை விடை கொண்டுவர முடியும் என்று கேளுங்கள். ஒன்றுமே போடாவிட்டால் 13. (2 + 3) × 4 − 1 என்றால் 19, 2 + 3 × (4 − 1) என்றால் 11, (2 + 3) × (4 − 1) என்றால் 15. பையன் உட்கார்ந்து யோசித்தால் 2 + (3 × 4 − 1) என்றும் போடுவான், அதில் மறுபடி 13-தான் வரும். அந்த அடைப்புக்குறி மட்டும் ஏன் விடையை மாற்றவில்லை என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள்.